கையின் குற்றமா, பந்தின் குற்றமா?



'பௌலிங்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கிரிக்கெட்தானே? எனக்கும் போன மாதம் வரையில் அப்படித்தான். "பாட்டி, பௌலிங் போகிறோம், நீயும் வா" என்று பேரன் கூப்பிட்டபோது, "இந்த வெயிலில் மைதானத்தில் யாரப்பா நிற்பது?" என்று கேட்டுவிட்டேன். குழந்தைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. வெயிலும் இல்லை, மைதானமும் இல்லையாம். நாலு மாடிக் கடைவளாகத்தின் உச்சியில், ஜில்லென்று ஏ.ஸி. போட்ட கூடத்தில் ஆடுகிற ஆட்டமாம். "அப்படியானால் சரி" என்று கிளம்பினேன்.

அங்கே போனதும் முதல் சோதனை செருப்பில் ஆரம்பித்தது. நம் செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். அவர்களே வாடகைக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தருகிறார்கள். அடிப்பக்கம் வழுவழுவென்று இருக்கிறது. கடைசி அடி வைக்கும்போது கால் கொஞ்சம் சறுக்க வேண்டுமாம்! புடவையும் பூட்ஸுமாக நான் நின்ற கோலத்தை வர்ணிக்கப் போவதில்லை. அதைப் படம் பிடித்து என் மருமகள் வைத்திருக்கிறாள், அது போதும்.

ஆட்டம் பார்க்கச் சுலபமானது. நீண்ட பலகைத் தளம். அதன் கோடியில் 10 கட்டைகள் முக்கோணமாக நிற்கும். ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம், இடுப்பு சிறுத்த புட்டி மாதிரி. கோட்டின் இந்தப் பக்கம் நின்று கனமான பந்து ஒன்றை உருட்டி அவற்றைத் தள்ள வேண்டும். கோட்டிலிருந்து முதல் கட்டைக்கு 60 அடி. ஒவ்வொரு முறையும் இரண்டு வாய்ப்பு. தளத்தின் இரு ஓரத்திலும் வாய்க்கால் மாதிரிப் பள்ளம். பந்து அதில் இறங்கிவிட்டால் அவ்வளவுதான். ஒரு கட்டையும் விழாது.

பேரனுக்கு 15 வயது. போன சில மாதங்களில் கொடி மாதிரி வளர்ந்திருக்கிறான். அலமாரியில் வரிசையாக வைத்திருந்த பந்துகளில் ஒன்றைத் தூக்கினான், உருட்டினான். ஏழெட்டுக் கட்டைகள் சடசடவென்று சாய்ந்தன. பேத்திக்கு 11. அவள் நம்மைப் போலத்தான். அலமாரியில் அவள் கண்ணுக்குப் பட்டது மயில் கழுத்து நிறப் பந்து ஒன்று. புடவைக் கடையில் நமக்கு வருகிற அதே ஆசை! இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு வந்தாள். முதல் முறை வாய்க்கால். இரண்டாவது முறையும் வாய்க்கால். ஐந்து முறை உருட்டினாள். ஐந்து முறையும் வாய்க்கால்தான்.

"இதெல்லாம் பெண்களுக்கு எதற்கு? கையில் பலம் வேண்டாமா?" என்றான் அண்ணன்.

குழந்தை ஒன்றும் பேசவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். "எனக்கு வராது பாட்டி. நீங்கள் ஆடுங்கள்" என்றாள். அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பக்கத்துத் தளத்தில் ஒரு அம்மாள் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். 50 வயது இருக்கும். சல்வார் கமீஸ், கையில் மணிக்கட்டுப் பட்டை. அருகில் சக்கரம் வைத்த பை ஒன்று. அதில் அவருடைய சொந்தப் பந்துகள் இரண்டு. அவர் எழுந்து வந்து, பேத்தி வைத்துவிட்டுப் போன பந்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்தாயா கண்ணு?"

பந்தின் மேல் '12' என்று இருந்தது. குழந்தை அதைப் பந்தின் வரிசை எண் என்று நினைத்திருந்தாள். நானும்தான்! அது எடை. 12 பவுண்டு. நம் பாட்டிமார் ராத்தல் என்று சொன்னார்களே, அதே கணக்கு. கிட்டத்தட்ட ஐந்தரைக் கிலோ. குழந்தையின் எடையே 30 கிலோதான்.

"பல இடங்களில் எடைக்கு ஒரு நிறம் வைத்திருப்பார்கள். நிறம் பார்த்து எடுப்பதும் எடை பார்த்து எடுப்பதும் ஒன்றுதான், விவரம் தெரிந்தால்" என்று சிரித்தார் அந்த அம்மாள்.

அன்று அவரிடமும், பிறகு வீட்டில் படித்தும் நான் தெரிந்துகொண்டதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். வெறும் பந்து விஷயம்தானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

முதலில் எடை. இந்த ஆட்டத்தில் பந்து எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு: 16 பவுண்டு. எடை எதுவானாலும் உருவம் மட்டும் ஒன்றே. குறுக்களவு சுமார் எட்டரை அங்குலம். ஆகவே லேசான பந்து என்றால் சின்னப் பந்து என்று அர்த்தமில்லை. ஒரு வேடிக்கை கேளுங்கள். இவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் சில மிதக்கும், சில மூழ்கும்! ஏறத்தாழ 12 பவுண்டுதான் எல்லை. அதற்குக் குறைந்தவை மிதக்கும், கூடியவை மூழ்கும்.

கனமான பந்துக்கு ஒரு லாபம் இருக்கிறது. கட்டை ஒவ்வொன்றும் மூன்றரைப் பவுண்டு சுமார் இருக்கிறது. லேசான பந்து அதில் மோதியதும் விலகி ஓடிவிடும். கனமான பந்து வந்த வழியிலேயே உள்ளே புகும். "அப்படியானால் எல்லாரும் 16 பவுண்டே எடுக்கலாமே?" என்பீர்கள். எடுக்கலாம், கை தாங்கினால்! தாங்காத பந்தை வீசும்போது தோள் சாய்கிறது, மணிக்கட்டு திரும்புகிறது, பந்து வாய்க்காலுக்குப் போகிறது. நம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை வைத்து ஆரம்பித்துப் பார் என்பது இந்த ஆட்டக்காரர்கள் சொல்லும் பழைய கணக்கு. பேத்திக்கு அது ஆறு, ஏழு பவுண்டு. அவள் உருட்டியதோ ஏறக்குறைய இரண்டு மடங்கு!

அடுத்தது துளை. பந்தில் மூன்று துளைகள் உண்டு: கட்டை விரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இரண்டு. கட்டை விரல் முழுவதும் உள்ளே போக வேண்டும். இழுத்தால் வழுக்கி வெளியே வரவும் வேண்டும். இறுக்கமாக இருந்தால் விரல் மாட்டிக்கொள்ளும், கை பின்னோடு இழுபடும். தொளதொளவென்று இருந்தால் பந்து நழுவிவிடுமோ என்று பயந்து விரலால் நெரிப்போம். நாலு முறை உருட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். வளையல் வாங்கும்போது அளவு பார்க்கிறோமே, அந்தக் கவனம் இதிலும் வேண்டும்.

அந்த அம்மாள் 6 பவுண்டுப் பந்து ஒன்றைத் தேடி எடுத்துப் பேத்தியின் கையில் கொடுத்தார். பார்வைக்கு மங்கலான ஆரஞ்சு நிறம்; அழகென்று சொல்ல முடியாது. குழந்தை அரை மனத்தோடு உருட்டினாள். பந்து மெதுவாக, மிக மெதுவாகப் போயிற்று. 60 அடியும் நேராகப் போயிற்று. ஆறு கட்டைகள் சாய்ந்தன!

இனி, அந்த அம்மாளின் பைக்கு வருவோம். என் பேரனின் கண் அதன் மேல்தான் இருந்தது. ஒன்று கறுப்பும் சிவப்பும் குழம்பிய பந்து. அதை அவர் தளத்தின் வலது ஓரத்தை நோக்கி வீசினார். 'போச்சு, வாய்க்கால்தான்' என்று நான் நினைத்தபோது, முக்கால் தூரம் போன பந்து சடக்கென்று இடப்பக்கம் திரும்பிக் கட்டைகளின் நடுவே பாய்ந்தது. ஒன்பது விழுந்தன. வலது கோடியில் ஒன்று மட்டும் நின்றது. உடனே அவர் அந்தப் பந்துக்காகக் காத்திருக்கவில்லை, மற்றொன்றை எடுத்தார். சாதாரண நீலப் பந்து. அது வளையவே இல்லை. கோடு போட்டது போல் நேரே போய் அந்த ஒற்றைக் கட்டையைத் தட்டிற்று.

"ஏன் ஆன்ட்டி, அந்த நல்ல பந்தையே இதற்கும் போட்டிருக்கலாமே?" என்றான் பேரன்.

"எது நல்ல பந்து என்று யார் சொன்னார்கள்?" என்று கேட்டார் அவர்.

இதற்கு விடை தரையில் இருக்கிறது. வழுவழுவென்று மின்னும் அந்தத் தளத்தில் எண்ணெய் பூசியிருக்கிறார்கள்! நம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு. பலகை தேயாமல் இருக்க ஆரம்பித்த வழக்கம். இப்போது அதுவே ஆட்டத்தின் சூட்சுமம் ஆகிவிட்டது. சுமார் 40 அடி வரையில் எண்ணெய். அதற்கு மேல் கட்டைகள் வரையில் உலர்ந்த தரை. வாடிக்கைக்காரர்கள் ஆடுகிற இடங்களில் பெரும்பாலும் நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவார்கள். எண்ணெயில் பந்து சறுக்கும். உலர்ந்த இடத்தில் பிடித்துக்கொண்டு திரும்பும். எந்தப் பந்து எவ்வளவு சறுக்கும், எங்கே பிடிக்கும் என்பது அதன் மேல்தோலைப் பொறுத்தது.

ஆதியில் பந்து மரத்தால் ஆனது. லிக்னம் விட்டே என்ற அமெரிக்க வெப்பநாட்டு மரம். தண்ணீரில் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான கட்டை. 1905-ல் ரப்பர் பந்து வந்தது. 1960-களில் பிளாஸ்டிக் பரவிற்று. 1980-களின் தொடக்கத்தில் யூரேத்தேன், 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் என்று புதிய தோல்கள் வந்தன. இன்று அலமாரிகளில் நாம் பார்க்கும் பொதுப் பந்துகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

ஒரே கை, ஒரே வீச்சு என்று வைத்துக்கொண்டு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். கொஞ்சம் சுழற்றிவிட்டு வீசுகிறோம். பிளாஸ்டிக் பந்து எவர்சில்வர் தட்டு மாதிரி. எண்ணெய் ஒட்டாது, தரையையும் அவ்வளவாகப் பிடிக்காது. ஏறக்குறைய நேராகவே போய்ச் சேரும். யூரேத்தேன் பந்து சீக்கிரமே தரையைப் பிடிக்க ஆரம்பித்து, பிறை மாதிரி நிதானமாக வளையும். ரெசின் பந்தின் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. புது மண்சட்டி எண்ணெய் குடிக்குமே, அந்த மாதிரி எண்ணெயைக் குடிக்கும். எண்ணெய் உள்ள வரையில் சறுக்கிக்கொண்டே போய், உலர்ந்த தரை வந்ததும் வெடுக்கென்று திரும்பும். உள்ளே புதைத்திருக்கும் எடைக்கட்டியின் உருவமும் அதற்கு ஒத்தாசை செய்யும். மேல்தோலைச் சாணைத்தாளால் தேய்த்து மங்கலாக்கினால் முன்னதாகவே பிடிக்கும். மெருகு ஏற்றினால் இன்னும் தூரம் சறுக்கும்.

இவ்வளவு வளைவு எதற்கு என்கிறீர்களா? பத்துக் கட்டைகளும் ஒரே அடியில் விழுவதற்கு, முதல் கட்டைக்கும் அதன் பக்கத்துக் கட்டைக்கும் நடுவே பந்து சாய்வாக நுழைய வேண்டும். சுமார் 6 பாகைக் கோணம் மிகவும் உசிதம் என்று கண்டிருக்கிறார்கள். தளத்தின் அகலமோ மூன்றரை அடிதான். ஓரத்திலிருந்து நேராக உருட்டினால் 2 பாகைகூடக் கிடைக்காது. கோணம் சரியாக அமைந்துவிட்டால் பந்து தானாகத் தொடுவது நாலே கட்டைகள். மற்ற ஆறையும் கட்டைகளே ஒன்றையொன்று தள்ளிச் சாய்த்துவிடும். பலம் அல்ல சகோதரிகளே, கோணம்!

ஆனால் இந்த வளைகிற பந்து எப்போதும் உயர்த்தி என்று நினைத்தால் ஏமாந்து போவோம். பத்துப் பேர் ஆடிய பிறகு தளத்தின் எண்ணெய் தேய்ந்துவிடும். அப்போது ரெசின் பந்து பாதி வழியிலேயே திரும்பிக் கட்டைகளைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடும். அந்தத் தரையில் சாந்தமான பந்துதான் பிழைக்கும். மாறாக, எண்ணெய் நிறைந்த தளத்தில் பிளாஸ்டிக் பந்து திரும்ப மறந்துவிடும். வலது கோடியில் நிற்கிற ஒற்றைக் கட்டைக்கு இடப்பக்கம் வளையும் பந்தைப் போட்டால் கட்டையை விட்டு விலகித்தான் போகும். அங்கே மலிவான பிளாஸ்டிக் பந்துதான் ராஜா. தோசைக் கல்லுக்கு எண்ணெய் குறைந்தால் மாவு ஒட்டிக்கொள்கிறது. அதிகமானால் நிற்காமல் வழுக்குகிறது. மாவைத் திட்டி என்ன பயன்? கல்லைப் பார்க்க வேண்டாமா?

இதைப் புரிந்துகொண்ட ஒருவர் செய்த யுக்தியைக் கேளுங்கள். அமெரிக்காவில் டான் மக்யூன் என்ற ஆட்டக்காரர். 1973-ல் தம் பிளாஸ்டிக் பந்தை ஒரு ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்தார்! தோல் இளகிற்று, தரையைப் பிடித்தது. அந்த ஒரே வருஷத்தில் ஆறு பட்டங்கள் வாங்கினார். அப்போது அதற்குத் தடை இல்லை. பிறகு விழித்துக்கொண்டு, பந்தின் தோல் இவ்வளவு கடினத்துக்குக் குறையக் கூடாது என்று விதி செய்தார்கள். அதே மனிதர், அதே கை, மாறியது தோல்தான்.

பேரன் விடுவானா? "அப்பா, இந்த ரெசின் பந்து எனக்கு ஒன்று வேண்டும்" என்று ஆரம்பித்துவிட்டான். பல ஆயிரம் ரூபாய்ச் சங்கதி. என் மகன் என் முகத்தைப் பார்த்தான். அந்த அம்மாள்தான் காப்பாற்றினார்.

"தம்பி, சொந்தப் பந்தில் உன் விரலுக்கு அளவெடுத்துத் துளை போடுவார்கள். உன் கை இன்னும் வளரும். துளை அதோடு வளராது. அதுவும் போக, சுழற்றத் தெரியாமல் உருட்டினால் ரெசின் பந்தும் நேராகத்தான் போகும். இரண்டு வருஷம் இந்த அலமாரிப் பந்தில் பழகு" என்றார். என் மகன் விட்ட பெருமூச்சு எதிர்க் கோடிக் கட்டைகள் வரை கேட்டிருக்கும்.

"பெண்களுக்குப் பலம் வேண்டாமா?" என்று அவன் கேட்டதற்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் கெல்லி கூலிக் என்ற பெண்மணி இந்த ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர். 2003-ல் பெண்களுக்கான தொழில்முறைப் போட்டிகள் நின்றுபோயின. அவர் தகப்பனாருடைய கார்ப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு பழக்கத்தை விடாமல் இருந்தார். 2010 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில், ஆண்களோடு சேர்ந்து ஆடும் மிகப் பெரிய பந்தயம் ஒன்றின் இறுதி ஆட்டம். எதிரே கிறிஸ் பார்னஸ் என்ற பெயர் பெற்ற வீரர். அதே தளம், அதே எண்ணெய். 265-க்கு 195 என்று கூலிக் ஜெயித்தார். ஆண்களின் தொழில்முறைச் சுற்றுப் போட்டி ஒன்றில் பட்டம் வென்ற முதல் பெண் அவர்தான். பெண்களின் போட்டிகள் 2015-ல் திரும்ப ஆரம்பித்தன.

இப்போது, குழந்தையின் குரல் ஏன் என்னை அப்படிச் செய்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் வயது இருக்கும்போது சைக்கிள் விட ஆசை வந்தது. வீட்டில் இருந்தது அப்பாவின் பெரிய சைக்கிள். உட்கார்ந்தால் கால் எட்டாது. குறுக்குக் கம்பி வேறு. இரண்டு நாள் விழுந்தேன், முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். "உனக்கு இது வராதடி, விட்டுவிடு" என்றார்கள் பெரியவர்கள். நானும் நம்பிவிட்டேன். கால் எட்டாதது என் காலின் குற்றம் என்றே இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று வரையில் எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது. சிறிய சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தப்புச் சொல்ல மாட்டேன், எனக்கே தோன்றவில்லையே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். பேத்தியின் பெயருக்கு நேரே 71 என்று விழுந்தது, பேரனுக்கு 112. பிரமாதம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். உள்ளே நுழைந்ததும் பேரன் தன் பந்தை எடுக்கவில்லை. அலமாரி முழுவதும் குனிந்து தேடி, அந்த அசட்டு ஆரஞ்சுப் பந்தைக் கண்டுபிடித்துத் தங்கையின் கையில் கொடுத்தான். "கட்டை விரல் சரியாக இருக்கிறதா, பார்த்துக்கொள்" என்றான்.

அவள் மயில் கழுத்துப் பந்தை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "இது எனக்கு எத்தனை வயசில் சரியாக இருக்கும் பாட்டி?" என்று கேட்டாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது, "எனக்கு வராது" என்று மூலையில் உட்கார்ந்திருக்கலாம். பாட்டாக இருக்கட்டும், கணக்காக இருக்கட்டும், கார் ஓட்டுவதாக இருக்கட்டும். "முயற்சி செய்" என்று உபதேசம் பண்ணுவதற்கு முன்னால், அவள் கையில் என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு முறை பாருங்கள். அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் படித்துவிடுங்கள்.